தாத்தாவின் சாளக்கிராமம்: கடல் சிப்பியை வைத்து இமயமலைப் பாறைக்கு வயது சொல்வது எப்படி?

பாம்பன்காற்று (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் தாத்தா 1974இல் காசிக்குப் போனவர், அப்படியே நேபாளம் போய், போக்ராவிலிருந்து நடந்தே முக்திநாத் சேர்ந்தாராம். ராமேஸ்வரத்து மணலைக் கொண்டுபோய்க் கங்கையில் சேர்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிய மனிதர், மூன்று மாதம் கழித்து மடியில் ஒரு கறுப்புக் கல்லோடு வந்து நின்றதாகப் பாட்டி சொல்வார். அந்தச் சாளக்கிராமம்தான் இத்தனை வருடமாக எங்கள் பூஜை அலமாரியில் துளசிக்கு அடியில் இருக்கிறது.

போன வாரம் வெள்ளையடிக்க அலமாரியைக் காலி செய்தபோது என் கை தவறி விழுந்து இரண்டாகப் பிளந்துவிட்டது. அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. உடைந்தாலும் பூஜைக்கு ஆகும் என்று குருக்கள் சொன்ன பிறகுதான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

உள்ளே பார்த்தால் ஒரு சுருள். ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி வரிவரியாக, கட்டைவிரல் அகலத்துக்கு ஒன்றரை மடங்கு. சுருளின் நடுவில் பித்தளைப் பொடி தூவினாற்போல மின்னுகிறது. மறுபாதியில் அதே உருவம் பள்ளமாக, அச்சு எடுத்த மாதிரி.

பெயர் சொல்ல விரும்பாத ஒரு கல் விற்கும் கடையில் காட்டினேன். 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு மறுநாளே தாள் கொடுத்தார்கள்: "வயது 14 கோடி ஆண்டு, கார்பன் முறைப்படி." லேமினேட் வேறு. எனக்கு இரண்டு சந்தேகம். ஒரே நாளில் இப்படிச் சொல்ல முடியுமா? அப்புறம், கடலில் கிடந்த சிப்பிக்கு மலையின் வயது எப்படித் தெரியும்?

கல்லுளிமங்கன்

தம்பி, அந்த 1,500 ரூபாயை மறந்துவிடுங்கள். தாளில் இருக்கும் எண் கிட்டத்தட்ட சரி, முறை சுத்தப் பொய். யாரோ புத்தகத்தைப் பார்த்து எண்ணை எழுதிவிட்டு, கேட்க நன்றாக இருக்கிறதே என்று "கார்பன்" சேர்த்திருக்கிறார்கள்.

கதிரியக்கக் கார்பன் 5,730 ஆண்டில் பாதியாகக் குறையும். இன்னொரு 5,730 ஆண்டில் அந்தப் பாதியும் பாதி. இப்படிப் பத்து முறை போனால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஆக சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் அந்தக் கடிகாரம் ஓடாது. 14 கோடி ஆண்டுக் கல்லில் கார்பனைத் தேடுவது, போன நூற்றாண்டில் ஊற்றிய தேநீரில் சூடு தேடுகிற கதை.

உங்கள் கல்லில் இருப்பது அம்மோனைட் என்ற பழங்காலக் கடல் உயிரியின் ஓடு. பார்க்கச் சங்கு மாதிரி இருந்தாலும் சங்கின் நெருங்கிய உறவு இல்லை. சங்கு ஒரே குழாயாக முறுக்கிக்கொண்டு மேலே ஏறும். இது தட்டையாகச் சுருண்டு, உள்ளே அறை அறையாகத் தடுப்பு வைத்திருக்கும். அந்தத் தடுப்புகள் ஓட்டைத் தொடும் இடத்தில் முருங்கை இலை ஓரம் போல வளைந்து வளைந்து ஒரு கோடு தெரியும். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அந்தக் கோட்டின் வளைவையும் மேலே இருக்கும் வரிகளையும் வைத்துத்தான் இது எந்த இனம் என்று சொல்வார்கள். மின்னுவது பைரைட், இரும்பும் கந்தகமும். தங்கம் இல்லை, ஆசைப்படாதீர்கள்.

வயது எப்படிக் கிடைக்கிறது என்பது நீளமான கதை. ராத்திரி எழுதுகிறேன்.

தொண்டிதம்பி

அப்போ இமயமலைக்கு வயசு 14 கோடியா அண்ணே? ஸ்கூல்ல 5 கோடின்னு படிச்ச ஞாபகம்.

கீழக்கரையான்

தம்பி, இதற்கு நம் ஊர் வீட்டுச் சுவரே பதில் சொல்லும். எங்கள் பழைய வீடு முழுக்க முருகைக்கல். வாப்பாவின் வாப்பா காலத்தில் கட்டியது. அந்தக் கல் கடலுக்குள் பவளமாக வளர்ந்து எத்தனை ஆயிரம் வருடமோ. அதற்காக வீட்டுக்கு அத்தனை ஆயிரம் வருடம் வயது என்று சொல்வோமா? கல்லின் வயது வேறு, கட்டிய வயது வேறு. மலையும் அப்படித்தானே காக்கா @கல்லுளிமங்கன்?

கல்லுளிமங்கன்

@கீழக்கரையான் நான் நாலு பத்தியில் சொல்ல இருந்ததை ஒரு சுவரில் முடித்துவிட்டீர்கள். அதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

இமயமலையின் வடபக்கம் இமாச்சலத்து ஸ்பிட்டியிலிருந்து நேபாளம் வரை கிடக்கும் பாறைகள் ஒரு காலத்தில் கடலடிச் சேறு. இந்தியா தெற்கே இருந்தபோது நமக்கும் ஆசியாவுக்கும் நடுவில் ஒரு பெருங்கடல். 1893இல் எட்வர்ட் சூஸ் என்ற நிலவியலாளர் அதற்கு டெத்திஸ் என்று பெயர் வைத்தார். அந்தச் சேறு அடுக்கடுக்காக, கிலோமீட்டர் கணக்கில் படிந்தது. எவரெஸ்டின் உச்சி, 8,848 மீட்டரில் இருக்கிற சுண்ணாம்புப் பாறை, ஆர்டோவிசியன் காலத்துக் கடலடி: சுமார் 45 கோடி ஆண்டு. அதில் டிரைலோபைட் என்ற அழிந்துபோன கடல் உயிரியின் துணுக்கும், கடல் அல்லி என்ற விலங்கின் தண்டுத் துண்டும் இருக்கின்றன. உங்கள் சாளக்கிராமம் வந்த கறுப்புக் களிப்பாறை ஜுராசிக் காலத்தின் பிற்பகுதி, சுமார் 16 முதல் 14 கோடி ஆண்டு. இந்த வயதெல்லாம் சேற்றின் வயது. சேறு மலையான வயது இல்லை.

மலை எப்போது எழுந்தது என்று எப்படிப் பிடிப்பது? சுவரைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டுச் சுவரின் காரைக்குள் ஒரு காசு சிக்கியிருந்தால், சுவர் அந்தக் காசுக்கு முந்தியதாக இருக்க முடியாது, இல்லையா? கல் எத்தனை பழையதாக இருந்தாலும் சரி. இமயமலையின் காரையில் நிஜமாகவே காசு கிடைத்திருக்கிறது. நும்முலைட் என்று ஓர் உயிரி. ஒரே செல் உடம்பு, ஆனால் ஓடு நாணயம் அளவுக்கு வட்டத் தட்டு. பெயருக்கே லத்தீனில் "சிறு காசு" என்றுதான் பொருள். கீசா பிரமிடுகளின் சுண்ணாம்புக்கல் முழுக்க இந்தக் காசுதான். இமாச்சலத்துச் சுபாத்துப் பாறைகளிலும் லடாக்கிலும் இது கிடைக்கிறது. இதன் காலம் இயோசீன், 5 கோடி ஆண்டை ஒட்டி. அதாவது அந்த இடத்தில் அப்போதும் கடல் இருந்தது. அதற்கு மேலே போனால் கடல் சிப்பி நின்றுவிடுகிறது. ஆற்று மணலும் கூழாங்கல்லும் வருகின்றன. இன்னும் மேலே, இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் படிவுகளில் யானை இனத்தின் பல்லே கிடக்கிறது. கடைசிக் கடல் சிப்பிக்கும் முதல் ஆற்று மணலுக்கும் நடுவில்தான் கடல் மூடியது. @தொண்டிதம்பி, ஸ்கூலில் படித்த 5 கோடி அங்கிருந்து வருகிறது.

பரமக்குடி டீச்சர்

எல்லாம் சரி, என் மாணவன் ஒருவன் கேட்டு என்னை மடக்கிய கேள்வியை இங்கே வைக்கிறேன். "பாறைக்கு வயது சொல்லச் சிப்பியைப் பார்க்கிறீர்கள். சிப்பிக்கு வயது சொல்லப் பாறையைப் பார்க்கிறீர்கள். இது என்ன டீச்சர், மாமியாரைக் கேட்டால் மருமகளைக் கேள், மருமகளைக் கேட்டால் மாமியாரைக் கேள் என்கிற மாதிரி இருக்கே?" எனக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை. வகுப்பில் மணி அடித்து என்னைக் காப்பாற்றியது.

கல்லுளிமங்கன்

டீச்சர், அந்தப் பையனை விட்டுவிடாதீர்கள். நல்ல கேள்வி.

பதில் வரலாற்றில் இருக்கிறது. முதலில் கிடைத்தது வயது இல்லை, வரிசை. இங்கிலாந்தில் வில்லியம் ஸ்மித் என்று ஒரு நில அளவையாளர். சோமர்செட்டில் நிலக்கரி கொண்டுபோகக் கால்வாய் வெட்டும் வேலையில் இருந்தார். வெட்டிய கரையில் அடுக்கு அடுக்காகப் பார்த்துக்கொண்டே போனவருக்கு ஒன்று புலப்பட்டது: ஒவ்வோர் அடுக்குக்கும் தனிச் சிப்பிக் கூட்டம். பத்து மைல் தள்ளி வெட்டினாலும் அதே வரிசை. கீழே இருப்பது மேலே வராது. 1815இல் அதை வைத்து நாட்டுக்கே நிலவியல் வரைபடம் போட்டார். அதில் ஆண்டுக்கணக்கு ஒன்றுமே கிடையாது. எது முந்தி, எது பிந்தி, அவ்வளவுதான். டார்வின் நூல் வந்தது 1859இல். பரிணாமத்தை நம்பித்தான் இந்த வரிசை வந்தது என்று யாராவது சொன்னால் இந்த ஆண்டுகளைச் சொல்லுங்கள்.

கோடி கோடியாக ஆண்டுக்கணக்கு 20ஆம் நூற்றாண்டில், வேறு வழியாக வந்தது. எரிமலை வெடித்தால் சாம்பல் கடலில் விழுந்து மெல்லிய அடுக்காகப் படியும். சாம்பலுக்குள் ஜிர்கான் என்ற மணி இருக்கும், மணல் பருக்கையைவிடச் சிறிது. அதிலுள்ள யுரேனியம் ஈயமாக மாறிக்கொண்டே இருக்கும். ஒரு வகை யுரேனியம் பாதியாக 447 கோடி ஆண்டு ஆகும். கார்பன் மாதிரி பாதி வழியில் நின்றுபோகும் கடிகாரம் இல்லை. 1911இல் ஆர்தர் ஹோம்ஸ் இப்படிப் பாறைக்கு வயது கண்டார். சீனாவில் மெய்ஷான் என்ற இடத்தில் பெர்மியன் என்ற காலம் முடிந்து டிரயாசிக் என்ற காலம் தொடங்கும் எல்லைக்கு மேலும் கீழும் சாம்பல் அடுக்கு இருக்கிறது. இரண்டையும் அளந்து, எல்லை 25.19 கோடி ஆண்டு என்று வைத்தார்கள். ஸ்பிட்டியில் அதே எல்லையைச் சிப்பி வைத்துப் பிடித்தால், சாம்பலே இல்லாவிட்டாலும் அந்த எண்ணைக் கடன் வாங்கலாம்.

மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் கைகாட்டவில்லை டீச்சர். மூன்றாவதாக ஒரு பஞ்சாயத்துக்காரர் இருக்கிறார், அவர்தான் ஜிர்கான்.

சேதுக்கரையன்

எனக்கு இவ்வளவு சுற்றிவளைக்கத் தேவையில்லை. பிரளயம் வந்தது, மலையை மூடியது, சிப்பியை விட்டுவிட்டுப் போனது. பல மதங்களிலும் இருக்கிற கதைதானே. தனுஷ்கோடியில் ஒரே ராத்திரியில் கடல் ஊரையே மூடவில்லையா?

கீழக்கரையான்

தனுஷ்கோடியை எடுத்ததால் சொல்கிறேன். 1964 டிசம்பர் புயல் விட்டுப்போனது என்ன? மணல், ரயில் தண்டவாளம், படகுப் பலகை, பவளத் துண்டு, பனங்கட்டை எல்லாம் கலந்த குவியல். புயல் எதையும் வரிசையாக அடுக்கி வைக்காது. இன்னொன்று, பவளம் மிதந்து வந்து ஒட்டிக்கொள்வது இல்லை. கடலுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பார் (பவளத்திட்டு) என்றால் ஒன்றின் மேல் ஒன்று வளர்ந்து நிற்பது. விரல் நீளம் வளரவே எத்தனையோ வருடம்.

கல்லுளிமங்கன்

@சேதுக்கரையன் உங்கள் நம்பிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை. பாறையோடு மட்டும்தான் பேச்சு. ஒரே வெள்ளத்தில் வந்திருந்தால் டிரைலோபைட்டும் அம்மோனைட்டும் நும்முலைட்டும் ஒரே அடுக்கில் கலந்து கிடக்க வேண்டும். ஸ்பிட்டியில் அப்படி இல்லை. ஐரோப்பாவில் எந்த வரிசையோ அதே வரிசை இங்கேயும். 1860களில் ஆல்பர்ட் ஓப்பல் என்ற ஜெர்மன் ஆய்வாளர், ஷ்லாகின்ட்வைட் சகோதரர்கள் என்ற பயணிகள் ஸ்பிட்டி பக்கத்திலிருந்து கொண்டுபோன அம்மோனைட்டுகளை ஜெர்மனியில் உட்கார்ந்தே ஜுராசிக் என்று சொன்னார். அந்த மனிதர் ஏற்கனவே ஐரோப்பிய ஜுராசிக்கை அம்மோனைட் வைத்துத் துண்டு துண்டாக மண்டலம் பிரித்தவர்.

ஏன் அம்மோனைட் மேல் இவ்வளவு மோகம் என்றால், அது வேகமாக உருமாறும், கடல் கடலாகப் பரவும், எக்கச்சக்கமாகக் கிடைக்கும். ஓர் இனம் தோன்றி மறைவதற்குச் சில லட்சம் ஆண்டிலிருந்து பத்து லட்சம் ஆண்டு. நம் சங்கு இந்த வேலைக்கு லாயக்கில்லை. மெதுவாக மாறும், ஒரு கடலை விட்டு நகராது. கோயிலில் ஊத உகந்தது, வயது சொல்ல உகந்தது இல்லை.

தொண்டிதம்பி

நம்ம பக்கத்து மலையில தேடினா கிடைக்குமா? சிறுமலை, அழகர்மலை, கொடைக்கானல்?

கல்லுளிமங்கன்

கிடைக்காது. கொடைக்கானல் சார்னோகைட், பூமிக்கு ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை. சிப்பி எதுவும் பிழைக்காது. சிறுமலையும் அழகர்மலையும் அதே சூட்டில் வெந்த பாறைக் கூட்டம்தான். அங்கே ஜிர்கானை மட்டும்தான் கேட்க முடியும். அம்மோனைட் பார்க்க ஆசை என்றால் அரியலூர் போங்கள், வாரணவாசியில் அருங்காட்சியகமே இருக்கிறது. மலை கிடையாது, கடல் மட்டும் வந்து போன இடம்.

ஒரு கிளைக்கதை. ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா என்று மொராவியாக்காரர். ஸ்பிட்டி பாறை அடுக்கை ஆராய்ந்ததும் அவர்தான், நம் அரியலூர் பக்கத்து, ஜுராசிக்குக்கு அடுத்த கிரெட்டேசியஸ் காலத்துச் சிப்பிகளைப் பெயர் சொல்லி விவரித்ததும் அவர்தான். 1874இல் மத்திய ஆசியாவின் யார்க்கண்டிலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில், மலை உயரத்து நோயில் செத்துப்போனார். லேயில் கல்லறை. சிப்பி பார்க்கப் போய் மலையிலேயே தங்கிவிட்டார்.

பாம்பன்காற்று

இவ்வளவு படித்த பிறகு ஆசை வருகிறது. எங்கள் வீட்டுக் கல்லைப் பல்கலைக்கழகம் எதற்காவது அனுப்பினால், முக்திநாத் பாறைக்கு வயது சொல்ல உதவுமா?

கல்லுளிமங்கன்

உதவாது. மனம் நோக வேண்டாம். சாளக்கிராமம் கண்டகி ஆற்றில் உருண்டு வந்த கல். எந்த அடுக்கிலிருந்து உதிர்ந்தது என்று அதற்கும் தெரியாது, தாத்தாவுக்கும் தெரியாது. அம்மோனைட்டின் காலத்தைச் சொல்லலாம், அது கிடந்த அடுக்கைச் சொல்ல முடியாது. முகவரி இல்லாத கடிதம். எழுதியவர் யார் என்று கையெழுத்தில் தெரியும், எந்த வீட்டுக் கடிதம் என்று தெரியாது.

இதில் ஒரு பெரிய அசிங்கமே நடந்திருக்கிறது. 1989இல் ஜான் டேலன்ட் என்ற ஆஸ்திரேலியர் நேச்சர் இதழில் ஒரு குண்டைப் போட்டார். இந்தியப் பேராசிரியர் ஒருவர் இருபது வருடத்துக்கு மேலாக இமயமலையில் கண்டெடுத்ததாக எழுதிய புதைபடிவங்களில் பல இமயமலையைச் சேர்ந்தவையே இல்லை என்று. மொராக்கோவில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் அம்மோனைட் வகையும், நியூயார்க் மாநிலத்து ஓடையில் கிடைக்கும் கொனொடான்ட் என்ற நுண்ணிய பல் போன்ற புதைபடிவ வகையும், இமயமலை முகவரி போட்டு வந்திருந்தன. கூட எழுதிய பலருக்கு விஷயமே தெரியாது. கல் நிஜம், வயது நிஜம், இடம் மட்டும் பொய். அந்த ஒன்றில் இமயமலைக் காலக்கணக்கின் ஒரு பகுதியே ஆட்டம் கண்டது. களத்தில் அடுக்கைப் பார்க்காமல், கையில் கொடுத்த கல்லை நம்பி எழுதியதன் விலை.

நிஜ முகவரி இருந்தும் ஏமாறலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். மலையில் அடுக்கு தலைகீழாகப் புரண்டிருக்கும், பழைய பாறை புதிய பாறை மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். பழைய பாறை அரித்து அதன் சிப்பி புதிய படிவுக்குள் போய் விழுந்திருக்கும். அதனால்தான் ஓர் அடுக்கில் இருப்பதிலேயே இளைய சிப்பியைப் பார்க்க வேண்டும். மறுபடியும் காரைக்குள் இருக்கும் காசு.

மட்டுறுத்துனர்

ஒரு வார்த்தை. இந்த இழையைப் படித்துவிட்டு யாரும் மண்டபம், பாம்பன் கரையில் பவளத் துண்டு பொறுக்கக் கிளம்ப வேண்டாம். உயிரோடு இருந்தாலும் செத்ததாக இருந்தாலும் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. போட்டோ எடுங்கள், கல்லை அங்கேயே விடுங்கள்.

கல்லுளிமங்கன்

சரியாகச் சொன்னீர்கள். பொறுக்காமலே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. பாம்பன் தீவிலும் மண்டபத்திலும் கடல் மட்டத்துக்கு மேலே பவளத்திட்டு தூக்கி நிற்கிறது. 1972இல் ஸ்டோடார்ட், கோபிநாத பிள்ளை இருவரும் ராமநாதபுரத்துத் திட்டுகளைப் பற்றி எழுதியபோது ராமேஸ்வரத்துப் பவளத்துக்குச் சுமார் 4,000 ஆண்டு என்று கார்பன் வயது வந்தது. இங்கே கார்பன் சரியான கடிகாரம். அதற்கு முன்பே, சிப்பியை வைத்து இது இளையது என்று சொல்லிவிடலாம். 1833இல் சார்லஸ் லயல் என்ற பிரிட்டிஷ் நிலவியலாளர் அப்படித்தான் செய்தார். ஒரு படிவில் உள்ள சிப்பிகளில் எத்தனை இனம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது என்று எண்ணினார். இயோசீனில் நூறுக்கு மூன்று நான்குதான். மேலே வர வர எண்ணிக்கை கூடும். யார் வீட்டிலாவது கிணறு தோண்டினால் சொல்லுங்கள்.

பாம்பன்காற்று (ஒன்பது நாள் கழித்து)

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி உறைகிணறு இறக்குகிறார்கள். ஐந்தாவது உறைக்குக் கீழே, பன்னிரண்டடி இருக்கும், சாம்பல் நிற மணலில் சிப்பிப் படுகை. பக்கத்தில் ஐந்து ரூபாய்க் காசு வைத்து எடுத்த படங்கள் இணைப்பில். அந்த வீட்டுக்காரர் முப்பது வருடம் சங்கு குளித்தவர். அவரையே உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். மட்டி, சோழி, முள்ளுச்சங்கு, ஐவிரல் சங்கு என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்லிக்கொண்டே போனார். பதினோராவதில் திணறினார். சுண்டுவிரல் நக அளவு, ஒரு பக்கம் தேய்ந்தது. "இது நம் கரையில் கிடையாது" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சாயங்காலம் அவரே கூப்பிட்டுச் சொன்னார்: "அது மட்டிக் குஞ்சுதான் தம்பி. ஓரம் தேய்ந்து ஏமாற்றிவிட்டது."

கல்லுளிமங்கன்

பதினொன்றுக்குப் பதினொன்று உயிரோடு இருக்கிற இனம். அந்தப் படுகை நேற்றுப் பிறந்த குழந்தை. உங்கள் பக்கத்து வீட்டுக்காரரை லயல் பார்த்திருந்தால் கூடவே கூட்டிப்போயிருப்பார்.

பாம்பன்காற்று

அவர் ஒன்று கேட்கச் சொன்னார். தாத்தாவின் கல்லில் இருப்பதை அவர் கடலில் எங்கேயாவது பார்க்க முடியுமா?

கல்லுளிமங்கன்

முடியாது. 6.6 கோடி ஆண்டுக்கு முன் அம்மோனைட் பூண்டோடு போய்விட்டது. உயிரோடு இருக்கிற உறவு என்றால் கணவாய். ஓட்டை உடம்புக்குள்ளே இழுத்துக்கொண்ட பங்காளி. அவர் வலையில் தினமும் விழுந்திருக்கும்.

பாம்பன்காற்று

அந்தச் சங்கு குளித்த மாமாவிடம் சொன்னேன், அரை மணி நேரம் சிரித்தார். பிளந்த இரண்டு பாதியும் நூல் சுற்றி மறுபடி துளசிக்கு அடியில் போய்விட்டது. கணவாய் விஷயத்தை அம்மாவிடம் மட்டும் சொல்லப்போவதில்லை. ஏற்கனவே இரண்டு நாள் பட்டினி.